வேண்டாம் என்று சொல்லப் பழகும் வீடு

"இதுதாம்மா லைட் சுவிட்ச். ராத்திரி முழுக்க எரியட்டும், பரவாயில்லை. யாரும் வந்து அணைக்க மாட்டாங்க."

பினாங்கில் நான் சனிக்கிழமைதோறும் உதவிக்குப் போகும் பிள்ளைகள் இல்லத்தில், புதிதாக வந்த பிள்ளையிடம் பொறுப்பாளர் அக்கா முதலில் சொல்வது இதைத்தான். என்ன நடந்தது, யார் செய்தது என்று எதுவும் கேட்பதில்லை. அலமாரியைத் திறந்து இரண்டு போர்வைகளை எடுப்பார். ஒன்று நீலம், ஒன்று பூப்போட்டது. "எது வேணும்?" என்பார். பிள்ளை பெரும்பாலும் பதில் சொல்லாது, தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அக்கா அவசரப்படுத்த மாட்டார். இரண்டையும் கட்டில்மேல் வைத்துவிட்டு, "பார்த்து எடுத்துக்கோ" என்று நகர்ந்துவிடுவார். மறுநாள் காலையில் எந்தப் போர்வையின் மடிப்புக் கலைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்வார்.

கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்காகத் திருச்சபைகள் செய்யும் ஊழியம் என்னவென்று என் சபையிலேயே பலருக்குச் சரியாகத் தெரியாது. ஹோம் என்றால் சாப்பாடு போடுவது, பள்ளிக்கு அனுப்புவது, ஜெபம் சொல்லித்தருவது என்று நினைக்கிறார்கள். அவை எல்லாம் உண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் அந்த இரண்டு போர்வைகள் இருக்கின்றன. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் 'அவள்' என்று நான் எழுதுவது ஒரு பிள்ளையை அல்ல. பல வருடங்களில் பார்த்த பலரைக் கலந்து, வயதும் ஊரும் மாற்றி எழுதுகிறேன். வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் ஊடகங்களில் வெளிவரக் கூடாது என்கிறது மலேசியாவின் 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும் அது அவளுடைய கதை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவள் கையில் இருக்க வேண்டும்.

கொடுமை எதைப் பறிக்கிறது

சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் குழந்தைகள். உடம்பில் காயம் உண்டாக்குவது, மனத்தை வதைப்பது, பாலியல் கொடுமை, கவனிக்காமல் கைவிடுவது எல்லாமே கொடுமை என்ற கணக்கில் வரும். பிள்ளையை இப்படி வதைப்பவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம் என்று 2016இல் திருத்தினார்கள்.

செய்பவர் யார்? இருட்டுச் சந்தில் நிற்கும் அந்நியனை நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்துபோகிற ஆள்தான். உறவுக்காரர், அம்மாவின் நண்பர், பக்கத்து வீட்டு அங்கிள், டியூஷன் சொல்லிக்கொடுப்பவர், சில நேரம் பெற்ற அப்பாவே. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவார்கள். முதலில் டாப்-அப் போட்டுக் கொடுப்பது, தனியாக ஐஸ்கிரீம் வாங்கித் தருவது, அப்புறம் 'இது நமக்குள்ள இருக்கட்டும்' என்று ஒரு சின்ன ரகசியம். அந்த ரகசியம்தான் பூட்டு. பிள்ளையே தானும் இதற்கு உடந்தை என்று நம்பத் தொடங்கும்போது அந்தப் பூட்டு விழுந்துவிடுகிறது.

நம் வளர்ப்பும் தெரியாமலேயே இதற்கு வழிவிடுகிறது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது, 'மாமா கூப்பிடுறாருல்ல, போய் மடியில உட்காரு' என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்லிப் பார்த்த ஒன்றிரண்டு தடவையும் அதற்கு மதிப்பில்லை என்று தெரிந்துகொண்டது.

"ஏன் கத்தலை? ஏன் ஓடலை?" என்று கேட்கிறார்கள். சொந்த அம்மாவே கேட்டிருக்கிறார். ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கும் அல்லது ஓடும் என்பது நமக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்று உண்டு: உறைந்துபோவது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆளை எதிர்க்க முடியாது, ஓடுவதற்கு வேறு வீடும் இல்லை என்னும்போது, மூளை யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே உடம்பு கல்லாகிவிடும். குரல் வராது. அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. இதை ஒரு பிள்ளைக்கு விளக்கிச் சொன்ன அன்று, அவள் நீண்ட நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். அவர்கள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள். 'ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடப் போகுது' என்ற ஒரு வாக்கியம் போதும், வருடக்கணக்கில் மூடிக்கொள்வதற்கு. பிறகு அது பள்ளியில் சண்டையாகவும் சிகரெட்டாகவும் வெளியே வரும்.

இல்லத்துக்கு வந்தபின் நாங்கள் பார்ப்பது வெளியார் கண்ணுக்குப் படாத விஷயங்கள். தலையணை உறைக்குள் ரொட்டி. மேசைமேல் எவ்வளவு சாப்பாடு இருந்தாலும் நாளைக்கு இருக்குமா என்ற பயம் போகாது. திட்டினால் ரொட்டி வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் அக்கா ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் மூடி போட்ட டப்பா வைத்து, அதில் பிஸ்கட் தீரத் தீர நிரப்புகிறார். சில மாதங்களில் டப்பா நமத்துப்போன பிஸ்கட்டோடு அப்படியே கிடக்கும். அன்று அக்கா முகத்தில் தெரியும் சந்தோஷத்தை நான் எந்தப் பண்டிகையிலும் பார்த்ததில்லை.

இல்லத்தில் யாரும் பின்னாலிருந்து வந்து தோளில் கை வைக்க மாட்டோம். செருப்புச் சத்தம் கேட்கும்படி நடப்போம், கதவைத் தட்டிப் பெயர் சொல்லி அழைப்போம். மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தமோ ஒரு வகை சென்ட் வாசனையோ போதும், பிள்ளை பழைய அறைக்குள் திரும்பப் போய்விடும். அப்போது கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லத்தான் நமக்குக் கை நீளும். கூடாது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "கண்ணுல படுற அஞ்சு பொருள சொல்லு பார்ப்போம்" என்போம். கொடியில் காயும் துண்டு. மைலோ டின். காலண்டர். பூனை. உங்க கண்ணாடி. ஐந்தாவது பொருளுக்கு வரும்போது மூச்சு சீராகியிருக்கும்.

அந்தப் பிள்ளை நம்மிடம் எப்படி வருகிறது

யாரோ ஒருவர் நம்பி, போன் எடுத்ததால் வருகிறது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். அதிகாரிகள் பிள்ளையைத் தற்காலிகப் பாதுகாப்பில் எடுத்தால், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளை எங்கே இருப்பது என்று நீதிமன்றம்தான் உத்தரவிடும். அந்த உத்தரவோடு ஒரு வெல்ஃபேர் அதிகாரியின் காரில், பள்ளிச் சீருடையோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும் வருவாள்.

காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை. பெரிய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவை ஒட்டி ஒரே இடத்தில் டாக்டர், போலீஸ், சமூக நல அதிகாரி மூவரும் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985லேயே குழந்தைக் கொடுமைகளைக் கண்டறியத் தனி மருத்துவக் குழு அமைத்தார்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் சீக்கிரம் கூட்டிப்போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைக் குளிக்கவைத்து, நல்ல துணி மாற்றி, விபூதி பூசிப் படுக்கவைக்கத்தான் நம் அம்மாக்களுக்குத் தோன்றும். அன்பினால் செய்வதுதான். அதனால்தான் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறு, நல்ல மனத்தோடு சபைகளில் நடப்பது. பிள்ளை ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் ஒரு வரி சொல்லும். ஆசிரியை பதறிப்போய் பாஸ்டரிடம் கூட்டிப்போவார். பாஸ்டர் மூப்பர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள். 'அவர் இங்க தொட்டாரா?' என்று விடையையே கேள்விக்குள் வைத்துக் கேட்பார்கள். நான்காவது தடவை சொல்லும்போது கதை கொஞ்சம் மாறியிருக்கும், அல்லது பிள்ளை 'ஒண்ணும் நடக்கலை' என்று பின்வாங்கியிருக்கும். பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது இதைத்தான். விசாரிப்பது நம் வேலை இல்லை, அதற்குப் பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். நாம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நான் உன்னை நம்புகிறேன். இது உன் தப்பு இல்லை. நீ சொன்னது நல்லதாச்சு. உனக்கு உதவி செய்கிறவர்களிடம் இதைச் சொல்லப் போகிறேன். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அன்றே அப்படியே எழுதிவைத்து, போன் எடுங்கள்.

போன் எடுப்பது விருப்பம் சார்ந்ததும் இல்லை. 2017ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இப்படியொரு குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். பாஸ்டர், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி.

அதே சட்டத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது வேறு. வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும், குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு வழங்கலாம் என்கிறது. பிள்ளையின் வாக்கைச் சட்டமே நம்பத் தயாராக இருக்கிறது. அதே 2017இல் புத்ராஜெயாவில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றம் திறந்தார்கள். குற்றவாளியின் முகம் தெரியாதபடி திரைக்குப் பின்னால் இருந்தோ வேறு அறையிலிருந்து நேரலைக் காணொளி வழியாகவோ குழந்தை சாட்சி சொல்வதற்கு 2007ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இடம் இருக்கிறது.

இந்த வழியில் எங்கள் பங்கு என்ன? பெரும்பாலும் காத்திருப்பதுதான். கோர்ட் வராந்தாவில், கையில் வர்ணம் தீட்டும் புத்தகத்தோடும் பொட்டலம் கட்டிய ரொட்டி சானாயோடும். வழக்கு தள்ளிப்போகும். அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்த நாள் வீணாகும். அடுத்த தேதிக்கும் அதே ஆள் கூட வர வேண்டும், அதுதான் முக்கியம். பினாங்கில் 1985இலிருந்து இயங்கும் மகளிர் மாற்றத்துக்கான மையம் மதம் சாராத அமைப்பு. கோர்ட்டுக்குத் துணை போவதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவத்திலிருந்து சபைக்காரர்கள் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

இது மிஷனா?

இந்த ஊழியத்தைச் சபையில் மிஷன் என்போம். மிஷன் என்றால் மதம் மாற்றுவது என்ற சந்தேகம் பல இந்துக் குடும்பங்களுக்கு உண்டு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை, வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

வரலாறு நீளமானது. சமூக நல இலாகா 1946இல்தான் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்பே, 1852இல், பிரான்சிலிருந்து வந்த கன்னியாஸ்திரிகள் பினாங்கில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும் தொடங்கினார்கள். ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் லைட் ஸ்திரீட் கான்வென்ட் அவர்கள் வைத்ததுதான். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பு 1938இல் பினாங்குக்கு வந்தது. வேறு யாரும் ஏற்காத பிள்ளைகளை இவர்கள் ஏற்றார்கள். அந்தக் காலத்தில் சோறு, உறைவிடம், எழுத்து, ஞானஸ்நானம் எல்லாம் ஒரே மூட்டையாகவே வந்தன.

இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தன் மதம் அல்லாத வழிபாட்டில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் மதத்தை முடிவு செய்வது பெற்றோரோ பாதுகாவலரோ என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் நான் சட்டத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பெரியவரின் விருப்பத்துக்கு இணங்கியே உயிர்பிழைத்த பிள்ளை அவள். முழங்கால் போடு என்றால் போடுவாள். பாடு என்றால் பாடுவாள். அது விசுவாசம் இல்லை, பயம். எங்கள் இல்லத்தில் எட்டு மணிக்கு ஜெபம். அவள் பல மாதங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அவள் அலமாரியில் பாட்டி கொடுத்த விபூதிப் பொட்டலம் இருந்தது, சுத்தம் செய்யும்போது அக்கா அதைத் துடைத்து அதே இடத்தில் வைப்பார். 'ஜெபத்துக்கு வரலை' என்று அவள் முதல் தடவை வாய்விட்டுச் சொன்ன இரவு, "சரிம்மா" என்று அக்கா சொன்னார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், இன்னும் ஏதாவது வரும் என்று. எதுவும் வரவில்லை. அந்த இரவு நடந்ததுதான் மிஷன் என்று நான் நம்புகிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லையும் பிள்ளைகள்மேல் சீக்கிரம் போட்டுவிடுகிறோம். 'சித்தப்பாதானே, அவரும் அழுது மன்னிப்புக் கேட்டுட்டார், விட்டுடும்மா' என்று வீட்டுக் கூடத்தில் சமாதானம் பேசும் சபைப் பெரியவர்கள் உண்டு. அவர்கள் வேதாகமத்தில் தாமார் கதையைத் திரும்பப் படிக்க வேண்டும். அவள் தாவீது ராஜாவின் மகள். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் வியாதிக்காரன்போல் நடித்து அவளைக் கெடுத்தான். வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொன்னாள், அந்த வார்த்தைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கூடப்பிறந்த அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். தகப்பனுக்குக் கோபம் வந்தது, ஆனால் மகனைத் தண்டித்ததாக ஒரு வரி இல்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டில் கொலை விழுந்தது. குடும்ப மானத்துக்காக மூடிவைத்தது எங்கே போய் முடிந்தது என்று அந்தப் புத்தகம் ஒளிக்காமல் சொல்கிறது. மன்னிப்பது அவள் காரியம், அவள் காலம். அதுவும் புகாரைத் திரும்பப் பெறுவதும் ஒன்றல்ல. மன்னித்தவனோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதைச் சொல்லும் தகுதி திருச்சபைக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பல நாடுகளில் குருமார்களே பிள்ளைகளைக் கெடுத்ததும் மேலிடங்கள் மூடி மறைத்ததும் வெளிவந்துவிட்டன. போப் பிரான்சிஸ் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இத்தகைய புகார்களைப் பெற எல்லா மறைமாவட்டங்களிலும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும், தெரிந்த குருவோ துறவியோ அறிவித்தே ஆக வேண்டும் என்று ஆக்கினார். நம் மட்டத்தில் செய்ய வேண்டியவை எளியவை. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனித்திருக்கும் அறைக் கதவில் கண்ணாடி வேண்டும். ஞாயிறு பள்ளி வேனில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். தொண்டூழியர் எவ்வளவு ஜெபிப்பவரானாலும் முன்கதையைச் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். 'நம்ம ஆளையே சந்தேகப்படுறதா?' என்று யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உதவ நினைப்பவர்களுக்கு

பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஹோமுக்குச் சாப்பாடு கொடுப்பது மலேசியத் தமிழர்களின் நல்ல பழக்கம். தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் பிரியாணியோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் வரிசையில் நின்று, தெரியாத குழந்தையின் பிறந்தநாளுக்குப் பாடி, படத்துக்குச் சிரிக்க வேண்டும். அவளை ஒளித்துவைத்துக் காப்பதே அந்த வீட்டின் வேலை. நீங்கள் போடும் ஒரு படம் போதும், தேடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு வீட்டு வாசல் தெரிந்துவிடும். சிரிக்கச் சொல்வதும், அங்கிளுக்குக் கை கொடுக்கச் சொல்வதும் அவளுக்குப் பழைய பாடம்தான்.

பிரியாணிப் பணத்தை அக்காவிடம் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். வேன் டயர் என்பார், பள்ளிக் காலணி என்பார், மனநல ஆலோசகருக்கு மாதக் கட்டணம் என்பார். கொடுக்கும் முன் அந்த இல்லம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று விசாரியுங்கள். நல்ல இல்லம் கோபித்துக்கொள்ளாமல் சான்றிதழைக் காட்டும். நேரம் கொடுக்க நினைத்தால், ஒரே கிழமையில் ஒரே நேரத்துக்குத் தொடர்ந்து வரமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியாவிட்டால் பணம் போதும். இவர்கள் வாழ்க்கையில் வந்துவிட்டுக் காணாமல் போனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

சபைகள் உண்மையிலேயே தோள்கொடுக்க வேண்டிய இடம் 18 வயது. நீதிமன்ற உத்தரவு அத்துடன் முடிகிறது. மற்ற பிள்ளைகள் அம்மா வீட்டிலிருந்து காலேஜ் போகும் வயதில், இவள் வாடகை அறை தேட வேண்டும். முன்பணம், வங்கிக் கணக்கு, கேஸ் அடுப்பு, காய்ச்சல் வந்தால் போன் செய்ய ஓர் ஆள் எல்லாம் தேவை. எங்கள் சபைப் பெண்கள் சீட்டுப் போல மாதம் இருபது ரிங்கிட் சேர்த்து வைக்கிறார்கள், இதற்கென்றே.

அவளுக்கும் அந்தப் பணத்தில்தான் பாயான் லெப்பாசில் ஒரு அறை பிடித்தோம், தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கமாக. புறப்பட்ட அன்று இரண்டு பெட்டிகள் கட்டியாயிற்று. அக்கா வழக்கம்போல அலமாரியைத் திறந்து, அவள் நான்கு வருடம் போர்த்திய நீலப் போர்வையைத் துவைத்து மடித்து எடுத்து வந்தார். "இதையும் எடுத்துக்கிறியாம்மா?"

"வேண்டாம்க்கா," என்றாள். "எனக்கு நீலம் பிடிக்காது. மஞ்சள் வாங்கிக்கிறேன்."